குழாய் முட்டினால் முதலில் காது கொடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. மாடியில் புது ரூம் கட்டியதிலிருந்து மோட்டாரை நிறுத்தும்போதெல்லாம் சுவரில் ‘டமார்’ என்று இடிக்கிறது, ராத்திரியில் வேறு ஏதோ உறுமுகிறது, ஆயாவுக்குத் தூக்கமே இல்லை என்று எழுதியிருந்தாய். பிளம்பர் வந்து பார்த்துவிட்டு லைன் முழுவதையும் பிடுங்கிப் போடணும் என்றாராம். அப்பாவும் சுவரை உடைக்க ஆள் சொல்லிவிட்டாராம். அந்த ஆளை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல். காரணம் தெரியாமல் சுவரை உடைத்தால் பழைய பைப் போய்ப் புதுப் பைப் வரும். சத்தம் அப்படியே இருக்கும். இத்தனை வருடம் குடிநீர் லைன் வேலையிலேயே இருந்தவன் நான். இப்படிச் செலவு செய்துவிட்டு மனசொடிந்து உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குழாய் போடும் சத்தம் எல்லாம் ஒரே சத்தம் இல்லை. இடிப்பது ஒன்று, உறுமுவது ஒன்று, குபுகுபுவென்று கக்குவது ஒன்று, வெயில் ஏறும்போது ‘டிக் டிக்’ என்று நெட்டி முறிப்பது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காரணம், வேறு வேறு வைத்தியம். அதனால் முதலில் ஒரு நோட்டு போடு. எத்தனை மணிக்குக் கேட்டது, அதற்குச் சற்றுமுன் யார் எதைத் திறந்தார்கள், எதை மூடினார்கள், ஒரே ஒரு அடியா அல்லது தொடர்ந்து கேட்டதா, எந்தச் சுவர்ப் பக்கம் அதிகம் என்று எழுது. மோட்டாரோடு சம்பந்தப்பட்ட சத்தம் என்றால் ஓட ஆரம்பிக்கும்போதா, நிற்கும்போதா என்பதைக் கட்டாயம் எழுது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இடியை முதலில் எடுத்துக்கொள்வோம். நீ பிளஸ் ஒன் படிக்கிறாய், உந்தம் என்றால் என்ன என்று உனக்கே தெரியும். ஆனால் தண்ணீருக்கும் அது உண்டு என்பது வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை, குழாய்க்குள் ஓடுவது கண்ணுக்குத் தெரியாததால். கணக்குப் போட்டுப் பார். ஒன்றரை அங்குலப் பைப், 80 மீட்டர் நீளம். அதற்குள் நிற்கிற தண்ணீரின் எடை ஏறக்குறைய 90 கிலோ. நன்றாக வளர்ந்த ஓர் ஆளைவிட அதிகம். அவ்வளவு எடை வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது முன்னால் ஒரு கதவைப் பட்டென்று சாத்தினால் என்ன ஆகும்? நிறைந்து போகிற டவுன் பஸ்ஸில் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால், முன்னால் நிற்பவர் கம்பியில் மோதுவார், அவர் முதுகில் அடுத்தவர், அவர் முதுகில் அதற்கடுத்தவர். நெருக்கல் முன்னாலிருந்து பின்னால் வரை பரவும். தண்ணீரிலும் அப்படித்தான் ஓர் அழுத்த அலை கிளம்பி, குழாயின் மறுமுனை வரை ஓடி, அங்கே பட்டுத் திரும்பி வருகிறது. மறுபடி போகிறது, மறுபடி வருகிறது. குழாய் குலுங்கிச் சுவரில் முட்டுவதுதான் உங்கள் ‘டமார்’.

இதை அளந்து கணக்காகச் சொன்னவர் நிகோலாய் ழுகோவ்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி. ரஷ்ய விமானவியலின் தந்தை என்று பெயர் பெற்றவர். மாஸ்கோ நகரத்தில் குடிநீர்க் குழாய்கள் உடைந்துகொண்டே இருந்தபோது 1897, 1898 ஆண்டுகளில் அங்கே நீரேற்று நிலையத்தில் நீளமாகக் குழாய் போட்டு, வால்வைச் சட்டென்று மூடி மூடிச் சோதித்தார். அவர் கண்டது இதுதான்: ஏறுகிற அழுத்தம் என்பது தண்ணீரின் அடர்த்தி, குழாய்க்குள் அந்த அலை ஓடும் வேகம், நின்றுபோன ஓட்டத்தின் வேகம் இவை மூன்றின் பெருக்கல். இரும்புக் குழாயில் அலை வினாடிக்குச் சுமார் 1,300 மீட்டர் ஓடும். பி.வி.சி. கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் அதில் சுமார் 450 மீட்டர்தான். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் சட்டென்று நின்றால் ஜி.ஐ. என்கிற இரும்புப் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 13 கிலோ அழுத்தம் கூடும், பி.வி.சி.யில் நாலரை கிலோ. உங்கள் மொட்டைமாடித் தொட்டி, கீழே குளியலறைக் குழாயிலிருந்து ஆறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள். அது தரும் அழுத்தம் வெறும் 0.6 கிலோ. எத்தனை மடங்கு என்று நீயே வகுத்துப் பார். நல்ல பைப் எப்படி ஒரு நாள் எல்போவில் விட்டுப்போகிறது என்பதும் புரியும்.

இப்போது உங்கள் போர்வெல். உங்கள் ஊர் அவலூர்பேட்டை மண்ணுக்கு அடியில் இருப்பது கருங்கல். பாறை வெடிப்புகளில் ஊறுகிற தண்ணீரைத்தான் ஆழத்திலிருந்து சப்மெர்சிபிள் பம்ப் மேலே தள்ளுகிறது. ஸ்டார்டரை அமர்த்தியதும் தள்ளுவதற்கு ஆள் இல்லை. ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் ஒரு கணம் தயங்கி, அப்புறம் மொத்தமாகக் கீழே இறங்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் என்.ஆர்.வி. என்ற ஒருவழி வால்வு. அதன் தட்டு தேய்ந்தோ உப்புப் படிந்தோ இருந்தால் உடனே மூடாது. தண்ணீர் கீழ்நோக்கி வேகம் எடுத்த பிறகு அடித்து மூடும். அந்த அடி பைப் வழியே மாடி வரை போகும். மோட்டார் நிற்கும்போது இடிக்கிறது என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

இதற்கு மருந்து ஸ்பிரிங் வைத்த என்.ஆர்.வி. தண்ணீர் திரும்புவதற்குக் காத்திருக்காமல், ஓட்டம் குறையும்போதே அந்த ஸ்பிரிங் தட்டை மெல்லத் தள்ளி மூடிவிடும். சுவர் உடைக்க வேண்டியதில்லை. போர் வாய்க்கு மேலே இருக்கும் யூனியனைக் கழற்றி மாற்றுகிற வேலை. பிளம்பருக்கு அரை நாள்கூட ஆகாது.

மோட்டார் ஓட ஆரம்பிக்கும்போதுதான் இடிக்கிறது என்றால் கதை வேறு. மேலே ஒரு என்.ஆர்.வி., கீழே பம்பின் தலையிலேயே ஒன்று என்று இரண்டு இருக்கும். கீழே இருப்பது கசிந்தால், மோட்டார் நின்றிருக்கும் நேரத்தில் தண்ணீர் கீழே வழிந்துவிடும். மேலே இருப்பது பிடித்துக்கொண்டிருப்பதால் நடுவில் காற்றுகூட இல்லாத வெற்றிடம் உண்டாகும். அடுத்த முறை மோட்டார் போட்டதும் தண்ணீர் அந்த வெற்றிடத்தில் தடையில்லாமல் பாய்ந்து மேல் வால்வில் மோதும். மேலே எத்தனை வால்வு மாற்றினாலும் இது தீராது. பம்பை வெளியே தூக்கித்தான் பார்க்க வேண்டும். மோட்டாரை நிறுத்திய பிறகு போர் வாயில் காதை வைத்துக் கேள். உள்ளே சலசலவென்று தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் கீழ் வால்வில்தான் கோளாறு. இதற்காகத்தான் நிற்கும்போதா, ஓடும்போதா என்று எழுதச் சொன்னேன்.

வீட்டுக்குள் இடிக்கிற இன்னொரு ஆசாமி வாஷிங் மெஷின். கையால் குழாயை மூடும்போது எவ்வளவு அவசரமாக மூடினாலும் கொஞ்சம் நேரம் எடுக்கும். வீட்டு லைன் 20 மீட்டர் ஜி.ஐ. பைப் என்றால் அழுத்த அலை போய்த் திரும்ப ஒரு வினாடியில் நூற்றில் மூன்று பங்குதான் ஆகிறது. அதைவிட மெதுவாக மூடினால் அடியின் பலம் குறைந்துகொண்டே போகும். மெஷினிலும் தண்ணீர் சுத்திகரிக்கும் ஃபில்டரிலும் மின்சாரத்தால் மூடும் வால்வு இருக்கிறது. அது கண்மூடித் திறப்பதற்குள் மூடிவிடும். அதனால்தான் கையால் மூடும் குழாய் சும்மா இருக்க, மெஷின் மட்டும் ‘டொக், டொக்’ என்கிறது. புது வீடுகளில் பிரஷர் பம்ப் வைப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. அது இருந்தால் இந்த அடி இன்னும் கடுமை.

மெஷினுக்குப் போகும் பைப்பில், வால்வுக்குப் பக்கத்திலேயே ஒரு ‘டீ’ இணைப்பு போட்டு, மேல்நோக்கி ஓர் அடி நீளத்துக்குப் பைப் நிறுத்தி, தலையில் மூடி போட்டுவிடச் சொல். அதற்குள் மாட்டிக்கொள்ளும் காற்று அமுங்கிக் கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். நாளாக ஆக அந்தக் காற்று தண்ணீரில் கரைந்து போய்விடும்; அப்போது மெயின் வால்வை மூடி, லைனை முழுக்க வடித்துவிட்டு மறுபடி திறந்தால் காற்று திரும்ப நிரம்பும். இதைச் சொல்லாமல் போட்டுக்கொடுத்துவிட்டுப் போகிற பிளம்பர்கள் உண்டு. ஆறு மாதத்தில் சத்தம் திரும்பியதும் வீட்டுக்காரர் ‘இதெல்லாம் வேலைக்கு ஆகாது’ என்று முடிவு கட்டிவிடுவார்.

உனக்குப் பிடிக்கும் என்பதால் இதையும் சொல்கிறேன். இதே முட்டலை வேலைக்கு வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். வெப்பக்காற்று பலூன் பறக்கவிட்ட மோன்கோல்ஃபியே சகோதரர்களைப் படித்திருப்பாய். அவர்களில் ஜோசஃப் 1796-இல் ஓர் இயந்திரம் செய்தார். ஓடும் தண்ணீரை ஒரு வால்வு தானாகவே மூடி மூடி நிறுத்தும். ஒவ்வொரு முறையும் கிளம்புகிற அடியால் கொஞ்சம் தண்ணீர் மட்டும் உயரத்துக்கு ஏறும். கரண்ட் வேண்டாம், டீசல் வேண்டாம். ஹைட்ராலிக் ராம் என்று பெயர். மலைக்கிராமங்களில் இன்றும் அது இரவும் பகலும் ‘டக் டக்’ என்று தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்கிறது.

தண்ணீரின் அழுத்தத்தைப் புரிந்துகொள்ள நம் செஞ்சிக் கோட்டைக்கே வருவோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற வரிசையில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததே, அதில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பது செஞ்சி ஒன்றுதான். பள்ளியிலிருந்து மறுபடி கூட்டிப்போனால் ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகாலில் கொஞ்சம் நின்று பார். அடுக்கடுக்காக எழும்பி, உச்சியில் கூம்பு வைத்த கட்டடம். சக்கரக்குளத்துத் தண்ணீரை மண்குழாய் வழியாக அங்கே கொண்டுவந்தார்கள். சரிவை மட்டும் நம்பி ஓடிய தண்ணீர் அது. மண்குழாய் பெரிய அழுத்தம் தாங்காது, ஆகவே ஓட்டம் நிதானமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. ராஜகிரி ஏறக்குறைய 240 மீட்டர் உயரம். அடிவாரத்திலிருந்து உச்சிக்குக் குழாயில் தண்ணீர் ஏற்றுவதென்றால் கீழே 24 கிலோ அழுத்தம் வேண்டும். எந்த மண்குழாயும் பிளந்துவிடும். மலைமேல் இருப்பவர்களுக்கு அங்கேயே உள்ள சுனையும் பாறைக் குட்டையும்தான் தண்ணீர் கொடுத்தன. முகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை இந்தக் கோட்டையை வளைத்துக்கொண்டு கிடந்ததே, அத்தனை ஆண்டு தாக்குப்பிடித்ததில் அந்தச் சுனைகளுக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

உறுமலுக்கு வருகிறேன். ராத்திரி என்று எழுதியிருந்தாயே, அது பஞ்சாயத்துத் தண்ணீர் வந்து தரைத்தொட்டியில் விழுகிற நேரமா என்று பார். அப்படியானால் மிதவை வால்வுதான். தொட்டி நிரம்பும் தறுவாயில் வால்வு கொஞ்சமாகத் திறந்திருக்கும். மேலே விழுகிற தண்ணீரால் அலை எழும்பி மிதவையை ஆட்டும். ஆட ஆட வால்வு திறந்து மூடித் திறந்து மூடி, பைப் முழுக்க ‘ஊ…’ என்று உறுமும். தேய்ந்த வாஷரை மாற்றி, மிதவையின் கம்பி ஆடாமல் இறுக்கி, உள்ளே வரும் தண்ணீரின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் அடங்கிவிடும். அப்படி இல்லாமல் ஏதோ ஒரு குழாயைப் பாதி திறக்கும்போது மட்டும் உறுமினால், அந்தக் குழாயில் வாஷர் தளர்ந்திருக்கிறது. முழுக்கத் திறந்தால் சத்தம் நின்றுபோகும், அதுவே அடையாளம். சில ரூபாய் வாஷர். மெயின் வால்வை மூடிவிட்டு நீயே மாற்றலாம்.

சத்தம் போடுகிறதே என்று கேட் வால்வைப் பாதி மூடி வைப்பவர்கள் உண்டு. அதைச் செய்ய விடாதே. கேட் வால்வு முழுக்கத் திறக்க, முழுக்க மூட என்று செய்தது. பாதியில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் தகடு ஆடி ஆடித் தானே ஒரு சத்தம் போடும், சீக்கிரம் தேயும், அப்புறம் தேவைப்படும் நாளில் மூடாது.

பஞ்சாயத்துக் குழாயில் காலையில் முதலில் ‘புஸ்ஸ்’ என்று காற்று வந்து, கக்கிக் கக்கித் தண்ணீர் வருகிறதே, அது கோளாறில்லை. வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15-இல் அறிவிக்கப்பட்டது. தலைக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அதன் இலக்கு. ஆனால் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் நிற்பதில்லை, விட்டுவிட்டுத்தான் வருகிறது. நின்ற நேரத்தில் பைப் காலியாகிக் காற்று புகுந்துவிடுகிறது. அப்போது குழாயை லேசாகத் திறந்து வை. காற்று மெதுவாக வெளியேறட்டும். இதில் சத்தத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. காலியாகிற லைன், விரிசல் இருக்கும் இடத்தில் வெளியே தேங்கிய அழுக்குத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே முதலில் வரும் தண்ணீரைக் குடத்தில் பிடிக்காதீர்கள். செடிக்கு விடுங்கள், வாசல் தெளியுங்கள். குடிப்பதற்குக் காய்ச்சியே வையுங்கள். ஆயா விஷயத்தில் இதில் கண்டிப்பாக இரு.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் லைனிலும் காற்று அடைத்துக்கொள்ளும். தொட்டியை விட்டு வெளியே வந்ததும், வால்வைத் தாண்டி, தொட்டியைவிட உயரமாக ஒரு காற்றுப் பைப் நிறுத்தியிருக்கிறார்களா என்று மேலே ஏறிப் பார்க்கச் சொல். இல்லாவிட்டால் அது ஒன்றைப் போட்டாலே மாடி ரூமில் தண்ணீர் திக்கித் திக்கி வருவது நின்றுவிடும்.

பைப்பைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தால் சின்ன அடிகூடப் பெரிய இடியாகக் கேட்கும். சுவரே அந்தச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும். மோட்டார் லைன் கைப்பிடிச்சுவரில் வளைகிற எல்போவில் கைவைத்துப் பார். மோட்டார் நிற்கும்போது அது உதறினால் அங்கே பிடிமானம் இல்லை. வளைவுக்கு இரண்டு பக்கமும் கிளாம்ப் வேண்டும், நேர்ப் பைப்பில் மூன்றடிக்கு ஒன்று. கிளாம்புக்கும் பைப்புக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தால் அதிர்வு சுவருக்குப் போகாது. ஆனால் சோலார் ஹீட்டரிலிருந்து வரும் வெந்நீர் லைனை இப்படி இறுக்கிவிடக் கூடாது. மூன்று மீட்டர் சி.பி.வி.சி. பைப் முப்பது டிகிரி சூடேறினால் ஐந்தாறு மில்லிமீட்டர் நீளும். நீள இடம் கொடுக்காமல் பூச்சுக் கலவையால் இறுக்கினால் அது நெளிந்து நெளிந்து ‘டிக் டிக்’ என்று முனகும். வெந்நீர் லைனைக் கிளாம்ப் தாங்க மட்டும் வேண்டும், நெரிக்கக் கூடாது.

எல்லாக் குழாயும் மூடி, மோட்டாரும் நின்று, மெஷினும் ஓடாத நேரத்தில் சுவருக்குள் மெல்லிய ‘ஸ்ஸ்ஸ்’ கேட்டால் அதை மட்டும் தள்ளிப்போடாதே. எங்கோ ஒழுகுகிறது. நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையைக் குழாயில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிவைத்துக் கேள். தெருவில் புதைத்த லைனில் கசிவு தேடும்போது நாங்கள் இரும்புக் கம்பியை இப்படித்தான் பிடித்துக் கேட்போம். ஒவ்வொரு குழாயாக வைத்துக் கேட்டுக்கொண்டு போனால் சத்தம் எங்கே கூடுகிறதோ அதற்குப் பக்கத்தில்தான் கசிவு. சந்தேகமாக இருந்தால், ராத்திரி படுக்கும்முன் தொட்டிக்குள் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போடச் சொல்லி, காலையில் யாரும் குழாய் திறக்கும்முன் பார்க்கச் சொல். சுவரை உடைக்க வேண்டிய ஒரே சந்தர்ப்பம் இதுதான். அப்போதும் ஓர் அடி அகலம் உடைத்தால் போதும்.

கடைசியாக ஒன்று. சித்திரை, வைகாசியில் தொட்டி வாயில் தண்ணீர் சீராக விழாமல் ‘குபுக், குபுக்’ என்று காற்றும் தண்ணீருமாக வந்தால் போர்வெல்லில் தண்ணீர் மட்டம் பம்ப் வரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே மோட்டாரை நிறுத்தச் சொல். தண்ணீரில்லாமல் ஓடினால் அந்தப் பம்புக்குள் உள்ள தாங்கிகள் காய்ந்து கருகிவிடும்; பம்பைத் தூக்கிக் காயில் கட்டுகிற செலவு அப்பாவுக்கு வரும். இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டலாம். தண்ணீர் இறங்கினால் தானே நிறுத்துகிற கருவியை ஸ்டார்டரோடு சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. ஆனால் ஸ்டார்டர் பெட்டியை நீ திறக்காதே, அப்பாவையும் திறக்க விடாதே. அது எலக்ட்ரீஷியன் வேலை.

ஒரு வாரத்து நோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. போர் வாயில் இருக்கும் என்.ஆர்.வி.யையும் ஒரு படம் எடு, மேலே போட்டிருக்கும் அம்புக்குறி தெரிகிற மாதிரி. அந்த அம்பு தண்ணீர் போகும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். பைப் என்ன அளவு, ஜி.ஐ.யா பி.வி.சி.யா என்றும் எழுது. பார்த்துவிட்டு என்ன வால்வு வாங்குவது என்று சொல்கிறேன். அதுவரை மோட்டாரை ஆயா தூங்கப் போகும்முன் நிறுத்திவிடுங்கள்.

அன்புடன்,
மாமா